குண்டன், ஒல்லி, ஒரு முழம் வெள்ளைத் துணி

அத்தியாயம் 11

போன வாரம் அண்ணன் சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்ன வார்த்தையில் வந்து நின்றிருந்தோம். "புதுக் கேமராவிலயும் படம் நீலமா வந்தா நான் கேமராவைத் தொடறதையே விட்டுடறேன். இனிமே வாண்டு பாத்துக்கட்டும்." சொன்னவர் பாட்டுக்குக் கை கழுவப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கும் தங்கைக்கும்தான் அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

வாண்டு என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளையை நினைத்துவிட வேண்டாம். வாண்டுக்கு வயது நாற்பத்தொன்று, முன்நெற்றியில் நாலு நரை. அண்ணனைவிடப் பதினோரு வயது இளையவள் என்ற ஒரே குற்றத்துக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடமாக அண்ணனோடு கல்யாணங்களுக்குப் போகிற இரண்டாவது கேமரா அவள்தான். மேடையில் நடப்பதை முதல் கேமரா எடுக்கும். மேடையைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்களை இரண்டாவது கேமரா எடுக்கும்.

அண்ணனுக்கும் பட்டப்பெயர் உண்டு: கெல்வின். ஒவ்வொரு வெளிச்சத்தின் நிறத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. கேமராவில் அந்த எண்ணைச் சரியாக வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். அதை அளக்கிற அளவைக்குத்தான் கெல்வின் என்று பெயர். ஊரில் உள்ள மற்றவர்கள் எல்லாம் அந்த வேலையைக் கேமரா தலையில் கட்டிவிடுவார்கள். அண்ணன் கட்டமாட்டார். வலது கண்ணை ஃபைண்டரில் பதித்து, விரலால் சக்கரத்தைத் திருகித் திருகி, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்வரை தானே எண்ணை வைப்பார். பாதி கிண்டலாகவும் பாதி மரியாதையாகவும் வந்த பெயர், இப்போது அதுதான் நிஜப்பெயர் என்று பலர் நினைக்கும் அளவுக்குப் போய்விட்டது. 'திரு. கெல்வின் அவர்கள் குடும்பத்துடன்' என்று அச்சடித்தே ஒரு கல்யாண அழைப்பிதழ் வந்தது.

அப்பேர்ப்பட்ட கெல்வினின் படங்கள்தான் போன மாதம் நீலமாக வந்தன. மண்டபத்திலேயே படத்தை அச்சடித்து விருந்தாளிகள் கையில் சுடச்சுடக் கொடுக்கும் ஏற்பாட்டை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். முதல் படத்தை வாங்கிப் பார்த்த மணப்பெண்ணின் சித்தி, நாலு பேர் கேட்கும்படி, "ஏங்க, எங்க பொண்ணை ஃப்ரிட்ஜுக்குள்ள உக்கார வெச்சா எடுத்தீங்க?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஃபைண்டர்ல நான் பாத்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. கேமரா பொய் சொல்லுது." இதைத்தான் அன்றையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் இந்தப் புதன்கிழமை. வாடகைக்குக் கேமரா கொடுக்கும் கடையிலிருந்து, இன்றைக்குத் தொழில்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற இரண்டு கேமராக்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டன. மாலை ஏழு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இரண்டையும் எடைபோட்டு ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பத்தொன்பதாம் தேதி எண்ணூறு பேர் வரும் கல்யாணம் காத்திருக்கிறது.

வாண்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டூடியோக்காரர் திங்கட்கிழமை போன் செய்து, "எங்ககிட்ட முதல் கேமராவா வந்துடுங்க" என்று கேட்டதும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்று இவள் சொன்னதும் நமக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

*

"இது என்ன, செங்கல்லா?" முதல் பெட்டியிலிருந்து கேமராவை எடுத்த அண்ணி கேட்டாள். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படங்களைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, ஆல்பமாக்குவது அவள் வேலை. கேமராவைக் கையில் எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை, தூசி தட்டும்போது மட்டும்தான்.

"தொழிலுக்குன்னே பண்ணினதுடி. அடியில பிடி இருக்கு பாரு, அதுக்குள்ள பெரிய பேட்டரி. காலையில ஆரம்பிச்சா விருந்து முடியற வரைக்கும் மூச்சு விடாது. மங்கின வெளிச்சத்துலயும் சுத்தமா எடுக்கும்," என்றார் அண்ணன்.

"அப்போ அது குண்டன். இது?"

இரண்டாவது கேமரா பாதி எடைதான் இருந்தது. ஆனால் படத்தின் நுணுக்கம் குண்டனைப்போல இரண்டு மடங்கு.

"கூட்டத்துல கடைசி வரிசையில நிக்கறவர் பல்லுல என்ன ஒட்டிட்டிருக்குன்னுகூட இதுல தெரியும் அண்ணி," என்றாள் வாண்டு.

"தெரிஞ்சு நாம என்ன பண்ணப் போறோம்? குச்சியா கொடுக்கப் போறோம்?"

"பேட்டரிதான் சீக்கிரம் தீரும். ரொம்ப நேரம் வீடியோ எடுத்தா சூடாயிடும். விடாம அழுத்தினா நடுவுல கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கும்."

"உன் அண்ணன் மாடி ஏறற மாதிரின்னு சொல்லு. சரி, இது ஒல்லி."

பெயர் வைத்தாகிவிட்டது. அண்ணனின் இப்போதைய கேமராவைப்போலவே, பழைய காலத்துக் கேமராக்களில் இருந்த உள்கண்ணாடி இரண்டிலும் கிடையாது. ஃபைண்டருக்குள் கண்ணை வைத்தால் தெரிவது ஒரு குட்டித் திரை. படம் எப்படி வரப்போகிறதோ, எடுப்பதற்கு முன்பே அப்படியே அதில் தெரிந்துவிடும். எதிரில் நிற்பவரின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்துக் கூர்மையாக்கவும் செய்யும். "இதுக்கப்புறமும் படம் கெட்டுதுன்னா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் குண்டனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் வாரைச் சரி செய்த விரல்கள் இரண்டு தடவை தவறின. வாண்டு அதைக் கவனித்தாள்.

சோதனைக்கு வெகுதூரம் போகவில்லை. ஸ்டூடியோவுக்கு நேர் கீழே தையல் கடை. வாசல் முழுக்கக் கண்ணாடி, நல்ல பகல் வெளிச்சம். உள்ளே டெய்லரக்கா. மேஜை மேல் சட்டைக்கு வெட்டுவதற்காக விரித்துப் போட்ட வெள்ளைத் துணி. முகமும் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

"அரை நாள் உக்காரச் சொன்னா காஜா எல்லாம் யார் எடுக்கறது?" என்றாள் டெய்லரக்கா. சொல்லிக்கொண்டே தலையை வாரி, பொட்டைச் சரி செய்து, நல்ல கோணத்தில் உட்கார்ந்தும் விட்டாள்.

அண்ணன் கையில் குண்டன். வாண்டு கையில் ஒல்லி. அவள் வழக்கம்போலப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, டெய்லரக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, அதை ஒரு படம் எடுத்து, அதை அளந்து கேமரா சொன்ன எண்ணையே வைத்தாள்.

"வந்துட்டா காகிதப் புலி," என்றார் அண்ணன். பதினெட்டு வருடமாக இதே கிண்டல். "கண்ணு எதுக்குடி இருக்கு?"

அவர் கண்ணை வைத்தார், சக்கரத்தைத் திருகினார். ஃபைண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிச் சக்கரம் உண்டு. அவரவர் பார்வைக்குத் தக்கபடி திரையைத் தெளிவாக்கிக்கொள்வதற்காக. அண்ணன் அதையும் திருகிக்கொண்டே போனார். அது கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. "ஃபைண்டர் கொஞ்சம் மங்கல்தான்," என்று முணுமுணுத்துவிட்டு எடுக்க ஆரம்பித்தார்.

*

மேலே கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் அண்ணி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒல்லியின் படத்தில் டெய்லரக்கா டெய்லரக்காவாக இருந்தாள். குண்டனின் படத்தில் குளிர் ஜுரம் வந்தவள் மாதிரி இருந்தாள்.

"நான் பாத்தப்போ துணி வெள்ளையாத்தான் இருந்துச்சு." அண்ணன் திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்தார். "இப்போ பாரு, நீலம் போட்டுத் துவைச்ச மாதிரி இருக்கு. இதுவும் பொய்யன். சரி, ஒல்லியையே வாங்கிடுவோம். முடிஞ்சுது வேலை."

அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. நாலு வாரமாகக் காணாமல் போயிருந்த தெளிச்சல். அதைப் பார்த்ததும் வாண்டுவுக்கும் மனசு லேசானது.

அண்ணிதான் விடவில்லை. "ஒரே ஆட்டத்துல கோப்பையைக் கொடுத்துடாதீங்க. இவ்வளவு விலை போட்டு வாங்கறோம். மாத்திப் பிடிச்சு இன்னொரு தடவை எடுங்க. குண்டன் பாவம் இல்லையா?"

மறுபடியும் கீழே இறங்கினார்கள். மறுபடியும் டெய்லரக்கா பொட்டைச் சரி செய்தாள். இப்போது அண்ணன் கையில் ஒல்லி, வாண்டு கையில் குண்டன். அதே வெளிச்சம், அதே துணி. அண்ணன் இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எண்ணைக் கூட்டினார், குறைத்தார், திருப்தியானதும் எடுத்தார்.

மேலே வந்து பார்த்தால், குண்டன் படம் பளிச்சென்று சரியாக இருந்தது. ஒல்லி படம் நீலம்.

அண்ணன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி, வாரை மடித்து, அதன் பெட்டிக்குள் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மெதுவாக வைத்தார்.

"கேமரா ரெண்டும் சரி," என்றார். "நான்தான் சரியில்ல."

"அண்ணா, இருங்க."

"என்ன இருக்கறது? முப்பது வருஷம் இருந்தாச்சு. கை போயிடுச்சுன்னு அந்தப் பொண்ணோட சித்தி நாலு பேர் முன்னாடி சொல்றதுக்கு முன்னாடி நானே புரிஞ்சுட்டிருக்கணும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "சொன்ன வார்த்தை சொன்னதுதான். உனக்கு எது தோதோ அதை எடுத்துக்க."

பின்னறைக்குப் போய்விட்டார். விளக்குத் தாங்கிகளை மடக்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

*

வாண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். நிறத்துக்கு வைத்த எண்ணும் அதில் இருக்கும். நாலு படத்தையும் திறந்து பார்த்தாள். அவள் எடுத்தது, ஒல்லியில் ஐயாயிரத்து இருநூறு, குண்டனிலும் ஐயாயிரத்து இருநூறு. அண்ணன் எடுத்தது இரண்டிலும் நாலாயிரத்துச் சொச்சம். எண் குறையக் குறையப் படம் நீலமாகும்.

"அண்ணி, கேமரா ரெண்டும் சொன்னபடிதான் கேட்டிருக்கு. அண்ணன்தான் எண்ணை இவ்வளவு கீழ வெச்சிருக்கார்."

அண்ணி மௌஸைக் கையில் உருட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"எட்டு மாசமாவே நீலமாத்தான் வருது. நான்தான் திருத்தி ஆல்பத்துல போட்டுட்டிருந்தேன். கேமரா பழசாயிடுச்சு, அதான்னு நினைச்சேன். சொன்னா அவர் மூஞ்சி வாடிப்போயிடுமேன்னு வாயைத் திறக்கல." அவள் கண் கலங்கிவிட்டது. "மண்டபத்துலயே அச்சடிச்சுக் கொடுக்கறதுல மட்டும் என் கை படாதில்ல. அதான் அங்க மாட்டிக்கிட்டார்."

"எல்லா மாசமும் ஒரே அளவுதான் திருத்துவீங்களா?"

"இல்லையே. முதல்ல துளிதான். அப்புறம் கூடிக்கிட்டே போச்சு."

வாண்டு பழைய கல்யாணப் படங்களைத் திறந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் அண்ணன் வைத்த எண் ஐயாயிரம். இரண்டு மாதம் கழித்து அதைவிடக் கொஞ்சம் குறைவு. அடுத்து இன்னும் குறைவு. படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கை தளர்ந்தவன் ஒரு நாள் மேலே வைப்பான், ஒரு நாள் கீழே வைப்பான். இப்படி ஒழுங்காக ஒரே பக்கமாக இறங்கமாட்டான். அப்போதுதான் அவளுக்கு அந்தக் குட்டிச் சக்கரம் ஞாபகம் வந்தது, கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. 'ஃபைண்டர் மங்கல்' என்றாரே. அவளுக்கு இரண்டு ஃபைண்டரும் தெளிவாகத்தான் தெரிந்தன.

சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த அதே நிமிஷத்தில் இன்னொரு நினைப்பும் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால்? அண்ணன் தானாகவே ஒதுங்கிவிட்டார். பாலத்தைத் தாண்ட வேண்டாம், யாரிடமும் பதில் சொல்ல வேண்டாம், பதினெட்டு வருடமாக அவள் மனசுக்குள் ஆசைப்பட்ட முதல் கேமரா இதே மாடியில் அவள் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அப்படி நினைத்ததே அவளுக்குக் கேவலமாக இருந்தது. ஆனால் நினைத்தாள், இல்லையென்று நாம் பூசி மெழுக முடியாது.

எழுந்து பின்னறைக்குப் போனாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் கீழ வாங்க."

"எதுக்கு? மூணாவது தடவை அசிங்கப்படவா?"

"கேமரா வேண்டாம். நீங்க மட்டும் வாங்க."

*

டெய்லரக்கா அதே வெள்ளைத் துணியில் கத்தரிக்கோலை வைக்கப் போனவள், மூன்று பேர் வந்து நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். "இந்தச் சட்டை இன்னிக்கு தைச்ச மாதிரிதான்," என்றாள்.

வாண்டு துணியின் ஓரத்தை ஒரு முழம் தூக்கிப் பிடித்தாள். "அண்ணா, இடது கண்ணை மூடிக்கங்க. வலது கண்ணால மட்டும் பாருங்க. இது என்ன நிறம்?"

"என்னடி, குழந்தைக்கு வேடிக்கை காட்டறியா?"

"சொல்லுங்கண்ணா."

மூடினார். பார்த்தார். "ஃபைண்டர்ல எண்ணைத் திருகறதுக்கு முன்னாடி தெரியற மாதிரியேதான் இருக்கு, மஞ்சளடிச்சு. க்ரீம் கலர்."

"சரி. இப்போ வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணால பாருங்க."

அண்ணன் கண்ணை மாற்றினார். மாற்றியவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "துணியை மாத்தினியா?"

"நான் எதையும் மாத்தல சார்," என்றாள் டெய்லரக்கா. "ஒரே சுருள்ல வெட்டின துணி. வெள்ளைன்னா வெள்ளை, கண்ணைப் பறிக்கற வெள்ளை. க்ரீம்னு சொன்னா அந்தக் கஸ்டமர் என்னைத் தைச்சுடுவார்."

வலது. இடது. வலது. இடது. ஐம்பத்திரண்டு வயது மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஃபைண்டர்ல வலது கண்ணைத்தானே வைப்பேன்," என்றார்.

"ஆமா."

"அது மஞ்சளா தெரியும். நான் வெள்ளையாக்கறேன்னு நீலத்துப் பக்கம் தள்ளியிருக்கேன்."

"ஆமாண்ணா. அப்புறம் கம்ப்யூட்டர்ல ரெண்டு கண்ணாலயும் பாப்பீங்க. இடது கண்ணு சரியா காட்டிக் கொடுத்துடும். அதான் கேமரா பொய் சொல்லுதுன்னு தோணியிருக்கு."

"அப்போ கேமரா பொய் சொல்லல."

"இல்ல."

"நானும் சொல்லல."

"நீங்க எப்போண்ணா பொய் சொல்லியிருக்கீங்க? பாத்ததைத்தான் எடுத்தீங்க."

அண்ணன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கேட்கப் பயந்த கேள்வியை அப்போதுதான் கேட்டார். "கண்ணு போயிட்டிருக்கா வாண்டு?"

அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அடுத்த தெருவுல கண் டாக்டர் அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க. நாம நாலே முக்காலுக்கே போய் உக்காந்துடுவோம்," என்றாள்.

*

டாக்டர் வருவதற்குள் நடந்த உரையாடலையும் எழுதிவிடுவோம், இல்லையென்றால் அண்ணி கோபித்துக்கொள்வாள்.

"எட்டு மாசமா தெரிஞ்சும் சொல்லல நீ," என்றார் அண்ணன்.

"கண்ணுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நீலம்னுதானே தெரிஞ்சுது. சொன்னா உங்க மூஞ்சி வாடுமேன்னு பாத்தேன்."

"இப்போ மட்டும் என்ன, பூத்தா குலுங்குது?"

"இனிமே வாடினா வாடட்டும், சொல்லிடறேன். போதுமா?" சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். முகவாயை வைக்கச் சொல்லி, வெளிச்சம் பாய்ச்சி, டாக்டரம்மா வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார். அண்ணி சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை நாலு தடவை படித்துவிட்டாள்.

"கண்புரை," என்றார் டாக்டர். "வலது கண்ணுல நல்லா முத்தியிருக்கு. இடதுல இப்பதான் லேசா ஆரம்பம், அதுக்கு இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம். நரம்பு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிடுச்சு, அவ்வளவுதான். அதை எடுத்துட்டு புது லென்ஸ் வெச்சுடலாம்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அண்ணன் காதில் மட்டும் வேறொரு சொல் விழுந்திருந்தது.

"லென்ஸா?"

"ஆமா."

"ஜூம் உண்டா டாக்டர்?"

டாக்டர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஜூம் கிடையாது. ஃபிக்ஸட்தான்."

"பரவாயில்ல. அதுலதான் படம் நல்லா வரும்."

"ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலமா தெரியும். பயந்துடாதீங்க, பழகிடும்."

"ஊருக்கெல்லாம் நீலத்தைக் காட்டினேன் டாக்டர். இப்போ என் முறை," என்றார் அண்ணன். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த வாரமே நாள் குறித்துக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் தூசி படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கூட்டத்தில் இடிபடக்கூடாது. அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பத்தொன்பதாம் தேதி அந்த ஒரு மாதத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

*

கேமராக் கடை வாசலில் ஒரு மரப் பெஞ்சு. மணி ஆறரை. இன்னும் வெளிச்சம் இருந்தது. திருப்பிக் கொடுக்க அரை மணி நேரம் பாக்கி. அண்ணி பக்கத்துக் கடையில் டீ வாங்கப் போயிருந்தாள். அண்ணனும் தங்கையும் இரண்டு பெட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் ஒல்லியை வெளியே எடுத்தார். முப்பது வருடப் பழக்கத்தில் வலது கண்ணுக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தி இடது கண்ணுக்கு மாற்றினார். மூக்கு பின்பக்கத் திரையில் போய் நசுங்கியது. தொட்டால் வேலை செய்கிற திரை. மூக்கு பட்ட இடத்துக்கெல்லாம் கூர்மை காட்டும் கட்டம் ஓடியது.

"என் மூக்கு என்னைவிடப் பெரிய போட்டோகிராபர் ஆயிடும் போல," என்றார். வாண்டு வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"குண்டன்தான் என் கைக்குப் பாந்தம்," என்று அண்ணன் தொடர்ந்தார். "தூக்கினா தூக்கின மாதிரி இருக்கு. ஆனா பத்தொன்பதாம் தேதி மேடைக்கு முன்னாடி நிக்கப்போறது நான் இல்ல, நீ. அன்னிக்கு மட்டும்னு இல்ல. நான் திரும்பி வந்தா ரெண்டாவது கேமரா எனக்குப் போதும். மூக்கைச் சிந்தறவங்களை எடுக்க எனக்கும் ரொம்ப நாளா ஆசை."

"அண்ணா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"அன்னிக்குக் கோவத்துல சொன்னேன். இப்போ நல்ல மனசோட சொல்றேன். மறைச்சிருந்தா இந்த இடம் தானா உனக்கு வந்திருக்கும். நீ என்னைக் கையைப் பிடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போனே." அவர் இரண்டு பெட்டிகளையும் அவள் பக்கம் தள்ளினார். "அதனால நீயே சொல்லு. குண்டனா, ஒல்லியா? நீ சொல்றதை நாளைக்கே வாங்கிடலாம். உன் பேர்ல."

அவளுக்கு எது வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒல்லி. காலையில் கையில் எடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அது கேமராவைப் பற்றிய பதிலாக மட்டும் இருக்காது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"யோசிச்சுச் சொல்றேண்ணா."

"யோசி. அதுவரைக்கும் அந்தக் காகிதத்தைக் கொடு."

"எது?"

"உன் காகிதப் புலியைத்தான்."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் அதைக் கேட்டு வாங்கினார். அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். அதை ஒரு படம் எடுத்து, அதை அளந்து கேமரா சொன்ன எண்ணையே வைத்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, இடது கண்ணைப் பதித்து, மூக்கை ஓரமாக ஒதுக்கி, அவளை எடுத்தார்.

எடுத்த படத்தைப் பின்திரையில் பெரிதாக்கினார். நீலம் இல்லை, மஞ்சள் இல்லை. சாயங்கால வெளிச்சம் சாயங்கால வெளிச்சமாகவே அவள் நெற்றியில் விழுந்திருந்தது. அந்த நாலு நரையும் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்காண்ணா?"

"நிறம் சரியா வந்திருக்கு வாண்டு." அண்ணன் திரையை அவள் பக்கம் திருப்பினார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. "அதனாலதான் தெரியுது. என்கிட்ட என்ன மறைக்கற?"